மூன்று தட்டு

ஓய்வு நாளைப் பிடுங்கிக்கொண்டு அதற்குப் பதிலாக மகிழ்ச்சி தருகிறேன் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. சாங்கி விமான நிலையத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அதில் கடைசி ஆறு வருடம் ஷிஃப்ட் பொறுப்பாளர். இந்தக் காலத்தில் கம்பெனி எங்களுக்குப் பந்து உருட்டக் கற்றுத் தந்திருக்கிறது, கேக் செய்யக் கற்றுத் தந்திருக்கிறது, ஒரு வருடம் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விடக்கூடக் கற்றுத் தந்தது. சென்ற வருடம் மேளம்.

சாப்பாட்டு அறைச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கூட்டாக மேளம் தட்டினால் மன அழுத்தம் குறையும், ஒற்றுமை வளரும், ஒருவர் சொல்வதை இன்னொருவர் கவனித்துக் கேட்கும் பழக்கம் வரும். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி, ஜாலான் புசார், எல்லாரும் கட்டாயம் வர வேண்டும். எனக்கு மன அழுத்தம் எதனால் வருகிறது என்று யாராவது கேட்டிருந்தால் மேளம் இல்லாமலேயே சொல்லியிருப்பேன். மூன்று ஆள் செய்யும் வேலையை இரண்டு ஆள் செய்வதால் வருகிறது. மார்சிலிங்கில் இருக்கும் வீட்டிலிருந்து சாங்கிக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் ஆவதால் வருகிறது. சனிக்கிழமை நான் செய்வதெல்லாம் கால் இரண்டையும் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு யாரோடும் பேசாமல் படுத்திருப்பதுதான். அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

மேளத்துக்குப் போவதற்கு முன் எங்கள் வேலையில் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். விமானத்தில் ஏற்றும் சரக்கு ஆள் உயர அலுமினியப் பெட்டிகளில் வரும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் பெட்டிக்கு முன்னால் இருப்பார், சரக்கைக் கட்டுகிறவர் பின்னால் இருப்பார். ஒருவருக்கு ஒருவர் முகம் தெரியாது. வாக்கி டாக்கியில் பேச வேண்டும் என்பது விதி. ஆனால் கையுறை போட்ட கையோடு வாக்கி டாக்கியைத் தேடி எடுத்துப் பொத்தானை அழுத்துவதற்குள் அடுத்த விமானம் வந்துவிடும். அதனால் பெட்டியைத் தட்டுவோம். இரண்டு தட்டு என்றால் பின்னால் ஆள் இல்லை, நகர்த்தலாம். மூன்று தட்டு என்றால் ஆள் இருக்கிறேன், நில். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நான் வந்தபோதே இருந்தது. வரும் புது ஆட்களுக்கெல்லாம் நானும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

எங்கள் ஷிஃப்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். ஐம்பத்தெட்டு வயது, இங்கேயே பிறந்து வளர்ந்தவர், இந்த ஊர்க்காரர்களைப் போலப் பேச்சில் ஒரு 'லா' சேர்த்துக்கொள்வார். பதினெட்டு வருடம் ஒரே ஷிஃப்டில் இருந்திருக்கிறோம். என் மகள் கல்யாணத்தில் பந்தியைக் கவனித்துக்கொண்டவர் அவர்தான். நான் பொறுப்பாளரானபோது, ஒரு பெண் சொல்லி நாங்கள் கேட்பதா என்று முணுமுணுத்த இரண்டு பேரை என்ன சொல்லி வாயை அடைத்தாரோ, மறுநாளிலிருந்து முணுமுணுப்பு இல்லை. முட்டை அடுக்கிய தட்டைக்கூட உடையாமல் தூக்கி வைப்பார் என்று கிடங்கு முழுவதும் பேர். அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மேளத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒரு விபத்து தப்பியது. புதுக்கோட்டையிலிருந்து வந்தவர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், எங்களிடம் சேர்ந்து இரண்டு வருடம்கூட முடியவில்லை. பெட்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வாரை இழுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் பெட்டியைத் தள்ளிவிட்டார். அவர் பாய்ந்து விலகினார், இருந்தும் ஒரு காலணியின் முன்பகுதி நசுங்கிவிட்டது. உள்ளே இரும்பு வைத்த காலணி என்பதால் விரல் பிழைத்தது. நான் என் கண்ணாடி அறையிலிருந்து ஓடினேன்.

"மூணு தட்டுனேங்கக்கா. மூணு தட்டுனேன்" என்றார் அவர். 

"ரெண்டுதான் தட்டினாரு. நான் ஏன் லா பொய் சொல்லப் போறேன்?" என்றார் அண்ணன்.

பத்து நிமிடத்தில் நான் முடிவு செய்துவிட்டேன். பதினெட்டு வருடம் ஒரு பக்கம், இரண்டு வருடம் ஒரு பக்கம். 'கட்டுபவர் தவறான சைகை கொடுத்தார்' என்று அறிக்கையில் எழுதினேன். என்ன சைகை என்று எழுதவில்லை, எழுதினால் தட்டும் பழக்கம் மேலே தெரிந்துவிடும். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அவருடைய வொர்க் பெர்மிட்டைப் புதுப்பிக்க இன்னும் மூன்று மாதம் இருந்த நேரம் அது. கடிதம் உள்ளவருக்குப் புதுப்பிப்பது சந்தேகம்தான் என்று மேலாளர் என்னிடம் சொன்னார். பாவம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அன்று எனக்குத் தலைவலி வேறு.

அதற்குப் பிறகு அவர் பெட்டியைக் கையால் தட்டவில்லை. ஒரு கட்டைத் துண்டைக் கூடவே வைத்துக்கொண்டு, கிடங்கே அதிர அடித்தார். என்மேல் உள்ள கோபத்தைப் பெட்டியிடம் காட்டுகிறார் என்று நினைத்து எரிச்சலோடு போய்விடுவேன்.

சனிக்கிழமை வந்தது. ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீடு. கீழே குழாய், ஆணி விற்கும் கடை. மேலே நீள அறையில் இருபது மேளங்கள் வட்டமாக. ஆப்பிரிக்க மேளமாம், இடுப்புயரம், மேலே அகலம், அடியில் ஒல்லி. முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். என் முழங்கால் அதற்கு ஒத்துழைக்கவில்லை. எல்லாருக்கும் ஆரஞ்சு நிற டி-சட்டை. எனக்குக் கொடுத்தது என் பேரனுக்குப் பொருந்தும் அளவு, சேலைமேல் போர்த்திக்கொண்டேன்.

சொல்லிக் கொடுத்தவர் இளம் சீனப் பெண். களைப்பே தெரியாத முகம். "இங்கே தப்பு என்று எதுவுமே கிடையாது" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். எங்கள் வேலையில் தப்பைத் தவிர வேறு எதையும் யாரும் கண்டுகொள்வதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

முதல் அரை மணி நேரத்தைப் பற்றிக் குறை சொல்ல மனம் வரவில்லை. எல்லாரும் ஒன்றாகத் தட்ட ஆரம்பித்து, தாறுமாறாகப் போய், ஒரு கட்டத்தில் யாரும் சொல்லாமலே ஒன்று சேர்ந்தது. தரைப்பலகை அதிர்ந்தது. மேலாளர் மட்டும் கடைசிவரை தாளத்துக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார், சம்பள உயர்வு மாதிரி. ஆறு மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போன இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பது எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

பிறகு அந்தப் பெண் ஒரு விளையாட்டு வைத்தார். ஒருவர் சில தட்டுகள் தட்ட வேண்டும், பக்கத்தில் உள்ளவர் அதையே திருப்பித் தட்டிவிட்டுத் தனக்குத் தோன்றியதை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். புதுக்கோட்டைக்காரருக்கு அடுத்து அண்ணன், அண்ணனுக்கு அடுத்து நான். முதல் சுற்று சுலபமாகப் போனது. அண்ணன் அச்சுப் பிசகாமல் தட்டினார்.

"இப்போது எல்லாரும் கண்ணை மூடுங்கள். கையைப் பார்க்காதீர்கள், காதால் மட்டும் கேளுங்கள்" என்றார் அந்தப் பெண்.

சுற்று வந்தது. புதுக்கோட்டைக்காரர் மூன்று தட்டினார். அண்ணன் இரண்டு தட்டினார்.

சிரிப்பு. "பரவாயில்லை, மறுபடி" என்றார் அந்தப் பெண்.

மூன்று. நிதானமாக, இடைவெளி விட்டு. மேளத்தின் ஓரத்தில், எங்கள் பெட்டியில் தட்டினால் வருவது போன்ற டக் டக்கென்ற கூரிய சத்தத்தில். அண்ணன் தயங்காமல் இரண்டு தட்டினார்.

இன்னும் பெரிய சிரிப்பு. நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அண்ணன் கண்ணை மூடியபடி, சரியாகச் செய்துவிட்ட நிம்மதியோடு உட்கார்ந்திருந்தார். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றுகூட அவருக்குப் புரியவில்லை. அவருக்கு அந்தப் பக்கம் புதுக்கோட்டைக்காரரும் கண்ணைத் திறந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சுற்றில் அவர் பக்கத்துக் கையைப் பார்த்துத்தான் தட்டியிருக்கிறார். காதுக்கு எட்டாத இடத்தைப் பழக்கம் நிரப்பிவிடுகிறது. பத்தில் ஒன்பது முறை வருவது இரண்டு தட்டு, அதனால் அவருக்கு எப்போதும் இரண்டுதான் கேட்கும். அந்தக் கட்டைத் துண்டு என்மேல் கோபம் இல்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. கேட்காதவருக்குக் கேட்கட்டும் என்று உயிர்ப் பயத்தில் அடித்திருக்கிறார் மனிதர். நான் எழுதிய பொய்யோடு ஒரு மாதம் அந்தப் பெட்டிக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

கூட்டுப் புகைப்படம் எடுத்த பிறகு, அண்ணனோடு டீ குடிக்க லிட்டில் இந்தியாவுக்கு நடந்தேன். சனிக்கிழமை மாலைக் கூட்டம். அவர் முன்னால் போனார். "அண்ணே" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி சத்தமாகக் கூப்பிட்டேன். அவருக்கும் முன்னால் போன யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் செய்த காரியத்துக்கு எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் செய்தேன். உதடு தெரியாதபடி டீ கிளாஸை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "உங்க டீ ஆறுதுண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "ஆமா ஆமா, கூட்டம் ஜாஸ்திதான்."

கிளாஸைக் கீழே வைத்தேன். "எத்தன நாளாண்ணே காது கேக்கல?"

இந்த முறை என் உதட்டைப் பார்த்தார். "யாரு சொன்னா? தூக்கம் சரியில்ல லா."

நான் அவர் கண்ணையே பார்த்தேன். பதினெட்டு வருடம் கூட இருந்தவளிடம் அவரால் எதையும் மறைக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

"ரெண்டு வருஷமா" என்றார். "இன்ஜின் சத்தம், லாரிச் சத்தம் எல்லாம் நல்லாத்தான் கேக்குது. டக்கு டக்குன்னு வர்ற இந்தச் சன்னமான சத்தந்தான் போயிடுச்சு."

"மெடிக்கல் செக்கப்ல எப்படி பாஸ் பண்ணீங்க?"

"நர்ஸ் சத்தம் வைக்க பட்டன அழுத்தறது கண்ணாடில தெரியும், அப்பல்லாம் கையத் தூக்கிடுவேன்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

"அவரு மூணுதாண்ணே தட்டியிருக்காரு."

"எனக்கு அது தெரியலம்மா. ரெண்டுன்னு தோணிச்சு, தோணினதச் சொன்னேன். சத்தியமாப் பொய் சொல்லல." டீயை ஒதுக்கி வைத்தார். "ஃபோர்க்லிஃப்ட்ட விட்டு எறங்கச் சொன்னா நான் யாரு லா அங்க? கூட்டறதா? லேபிள் ஒட்டறதா? இன்னும் கொஞ்ச வருஷந்தான். நீ ஒண்ணும் பாக்கலன்னு வச்சுக்கோயேன்."

"அவருக்குப் பெர்மிட் போயிடும்ணே. நாளைக்குக் காலணி இல்ல, காலே போயிடும்."

"அதான் அவன் இப்பக் கட்டையால அடிக்கிறானே, எனக்கு நல்லாக் கேக்குது" என்றார். அந்த வார்த்தை எங்கள் இருவர் நடுவிலும் மேசைமேல் கிடந்தது. அதைச் சொன்னதற்கு அவருக்கே முகம் கறுத்துவிட்டது.

"திங்கக்கிழம நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. நான் கூட வர்றேன்" என்றேன். அவர் எழுந்து டீக்குக் காசு கொடுத்தார். எம்ஆர்டி ரயிலில் ஆளுக்கொரு பக்கம் போனோம். மார்சிலிங் வரும்வரை எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர்மேல், என்மேல், தப்பு என்று எதுவுமே கிடையாது என்று சொன்ன அந்தப் பெண்மேல். ஞாயிற்றுக்கிழமை பூராவும் படுத்தே இருந்தேன். எழுந்து சோறு வைக்கக்கூட உடம்பில் தெம்பில்லை.

திங்கட்கிழமை அவர் மேலாளர் அறைப் பக்கம் போகவில்லை. நேராகச் சாவிப் பலகைக்கு வந்து ஃபோர்க்லிஃப்ட் சாவியை எடுத்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, வேணாம்."

"நவுரு."

பதினெட்டு வருடத்தில் என்னிடம் அவர் சொல்லாத வார்த்தை. நான் நகரவில்லை. கையை நீட்டினேன். 

"நான் சொல்ல மாட்டேன். நீயே எழுதிக்கோ. எழுதறதுதான் உனக்கு நல்லா வருமே" என்று சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எழுதினேன். என் முந்தைய அறிக்கை தவறு என்று முதல் வரியில் எழுதினேன். பெட்டியைத் தட்டும் பழக்கத்தையும் எழுதினேன், அதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்றும் எழுதினேன். மேலாளர் இரண்டு முறை படித்துவிட்டு, இது உங்களையும் பாதிக்கும் என்றார். தெரியும் என்றேன். பாதித்தது. எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, என் பொறுப்பை மூன்று மாதம் வேறொருவர் பார்த்தார்.

புதுக்கோட்டைக்காரர் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"தம்பி, நான் எழுதினது தப்பு. மன்னிச்சுக்குங்க. மாத்தி எழுதிட்டேன்."

அவர் சோற்றில் கை வைக்காமல் கேட்டார். "எத்தனைன்னு எழுதுனீங்கக்கா?"

"மூணு."

"மூணுதான்" என்று தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். பரவாயில்லை அக்கா என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவருடைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், பெர்மிட் புதுப்பித்தார்கள். கட்டைத் துண்டு ஒரு நாள் குப்பைத் தொட்டியில் கிடந்தது.

இப்போது பெட்டியை யாரும் தட்டுவதில்லை. எல்லார் தோளிலும் வாக்கி டாக்கி. வேலை மெதுவாக நடக்கிறது, மேலிடத்தில் ஏன் மெதுவாக நடக்கிறது என்று கேட்கிறார்கள்.

அண்ணனுக்குக் காதுக் கருவி பொருத்தி, லேபிள் சரிபார்க்கும் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அவர் பயந்த அதே வேலை. என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். தாள் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், முகத்தைப் பார்க்க மாட்டார். கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார் என்று சொன்னார்கள். நான் அவர் கவுண்டர் பக்கம் போகும் நேரமாகப் பார்த்துத்தான் கழற்றுகிறாரோ என்று எனக்குத் தோன்றும். ஏழு மாதம் இப்படிப் போனது. செய்தது சரி என்று தெரிந்தும் ஒவ்வொரு நாளும் அந்தக் கவுண்டரைத் தாண்டி நடப்பது எனக்கு ஒரு மூட்டையைத் தூக்கி இறக்குவது போல இருந்தது.

இதற்கிடையில் மேளம் எங்களை விடவில்லை. ஜாலான் புசார் நிகழ்ச்சி பெரிய வெற்றி என்று மனிதவளப் பிரிவில் முடிவு செய்து, எட்டு மேளம் வாங்கிச் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். புதன்கிழமை மதியம் கால் மணி நேரம், விரும்பியவர் தட்டலாம். முதலில் யாரும் சீந்தவில்லை. பிறகு ஒருவர், இருவர். நானும் போனேன். மேளத்தின் நன்மைகளை நம்பிப் போகவில்லை. அங்கே குளிர்சாதனம் நன்றாக இருக்கும், அந்தக் கால் மணி நேரம் யாரும் என்னிடம் கேள்வி கேட்க மாட்டார்கள், அதற்காகப் போனேன். போகப் போக, புதன்கிழமை பிற்பகல் மட்டும் தோள் கொஞ்சம் லேசாக இருப்பதைக் கவனித்தேன். இதை மனிதவளப் பிரிவில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சுவரில் ஒட்டிவிடுவார்கள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை அண்ணன் உள்ளே வந்தார். காலியாக இருந்தது என் பக்கத்து நாற்காலி ஒன்றுதான். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

புதுக்கோட்டைக்காரர்தான் அன்று ஆரம்பித்தார். அவர் தட்ட, நாங்கள் திருப்பித் தட்டினோம். நான்கு, ஐந்து, மூன்று. நான் மேளத்தைப் பார்க்காமல் அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வந்தபோது மூன்று தட்டினார். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. எனக்குத் தாளம் இரண்டு இடத்தில் பிசகிவிட்டது, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு எதுவும் சரியாகத் தெரியவில்லை.

மணி ஆனது. எல்லாரும் எழுந்து போனார்கள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, என் மேளத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினார். ஒன்று. இரண்டு.

மூன்றாவது வருமோ என்று காத்திருந்தேன். வரவில்லை. இரண்டு தட்டு என்றால் நகர்த்தலாம். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனார். நானும் எழுந்து வேலைக்குப் போனேன்.